வட்டு யாருக்குச் சொந்தம்?

விளையாட்டுப் பெட்டியின் கதை – 17

2013 மே 21. அமெரிக்காவின் ரெட்மண்ட் நகரில், மைக்ரோசாஃப்ட் வளாகத்துக்குள் பெரிய கூடாரம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். எக்ஸ்பாக்ஸ் 360 வந்து எட்டு வருடம் ஆகப்போகிறது. அதன் வாரிசை அறிமுகப்படுத்தும் விழா. மேடையேறிய எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவர் டான் மேட்ரிக், புதிய பெட்டியின் பெயர் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்று அறிவித்தார். டி.வி. பார்க்கலாம், படம் பார்க்கலாம், ஸ்கைப்பில் பேசலாம், வாயால் சொன்னாலே சேனல் மாறும் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். கேம் பற்றிய பேச்சைவிட டி.வி. பற்றிய பேச்சுதான் அதிகம். அந்த விழாவில் ‘டி.வி.’ என்ற சொல் வந்த இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி, யாரோ கேலி வீடியோ செய்து உலவவிட்டார்கள்.

கேலி செய்ததோடு விட்டிருப்பார்கள். விழா முடிந்ததும் பத்திரிகையாளர்கள் கேட்ட கேள்விகளில்தான் பூதம் கிளம்பியது. மேடையில் யாரும் வாய் திறக்காத இரண்டு செய்திகள் வெளியே வந்தன. ஒன்று, பழைய எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்குகள் புதிய பெட்டியில் ஓடாது. இரண்டு, ஒருவர் வாங்கிய புதிய டிஸ்க்கை இன்னொருவர் தன் பெட்டியில் போட்டால் அது அப்படியே ஓடிவிடாது. அவர் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

சோனியும் இதில் பாதி குற்றவாளிதான். பெட்டியையே காட்டாமல் பிளேஸ்டேஷன் 4-ஐ அறிமுகப்படுத்திய அந்தப் பிப்ரவரி 20 நியூயார்க் விழாவைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். பிளேஸ்டேஷன் 3 டிஸ்க்குகள் நான்கில் ஓடாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பழைய கேம் ஓடாதது ஒரு பிரச்சினை, கைமாறிய கேம் ஓடாதது வேறு பிரச்சினை என்று தோன்றும். வேர் ஒன்றுதான். காசு கொடுத்து ஒரு கேம் வாங்குகிறேன். பத்து வருடம் கழித்தும் அதை நான் ஆட முடியுமா? ஆடி அலுத்தபின் அடுத்தவருக்குக் கொடுக்க முடியுமா? இரண்டுக்கும் ‘முடியாது’ என்று பதில் வந்தால், நான் வாங்கியதுதான் என்ன? 2013 கோடையில் முப்பது நாள், கேம் ஆடுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றைப் படாத பாடு படுத்தினார்கள். அந்த முப்பது நாளும் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவையும்தான் இந்த அத்தியாயம்.

*

பழைய கேம் புதிய பெட்டியில் ஓட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய ஆசைகளில் ஒன்று. 1986-இல் கடைகளுக்குப் பரவலாக வந்த அட்டாரி 7800, அதற்கு முந்தைய அட்டாரி 2600-இன் கேட்ரிட்ஜ்களை ஏற்றுக்கொண்டது. 1989-இல் பிறந்த நின்டெண்டோ கேம் பாயின் கேட்ரிட்ஜை, 2001-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸில் செருகினாலும் ஓடியது.

இதை மிக அழகாகச் செய்தவர்கள் சோனிக்காரர்கள். 2000 மார்ச் 4 அன்று ஜப்பானில் வெளியான பிளேஸ்டேஷன் 2-க்குள், முதல் பிளேஸ்டேஷனின் மூளையாக இருந்த சிப்பையும் சேர்த்து வைத்திருந்தார்கள். புதிய கேம் ஓடும்போது அந்தப் பழைய சிப்புக்கு எடுபிடி வேலை. கன்ட்ரோலரைக் கவனிப்பது, மெமரி கார்டைக் கவனிப்பது. பழைய கேம் டிஸ்க்கைப் போட்டால் அதே எடுபிடி மறுபடி முதலாளியாகிவிடும். முதல் நாளே ஆடுவதற்கு நூற்றுக்கணக்கான கேம்கள் வீட்டு அலமாரியில் தயாராக இருந்தன. பிளேஸ்டேஷன் 2 வரலாற்றிலேயே அதிகம் விற்ற வீட்டுக் கன்சோல் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே வித்தையை இரண்டாவது முறை செய்தபோது கையைக் கடித்தது. 2006 நவம்பரில் வெளியான பிளேஸ்டேஷன் 3-க்குள் பிளேஸ்டேஷன் 2-இன் முக்கியச் சிப்கள் இரண்டையும் வைத்தார்கள். பெட்டியின் விலை 499 டாலர், பெரிய ஹார்ட் டிஸ்க் வேண்டுமென்றால் 599 டாலர். அமெரிக்கர்கள் மலைத்துப்போனார்கள். விலையைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் முதலில் கண்ணில் பட்டவை அந்தப் பழைய சிப்கள்தான். 2007 மார்ச்சில் ஐரோப்பாவுக்குப் போன பெட்டியில் ஒன்றைக் கழற்றிவிட்டு, மிச்ச வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். அந்த வருடக் கடைசியில் வந்த 40 ஜி.பி. பெட்டியில் இரண்டுமே இல்லை. பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகள் அதில் ஓடவில்லை.

மைக்ரோசாஃப்டின் கதை வேறு. 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ், இன்டெல் பென்டியம் சிப் வைத்த பெட்டி. 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-க்கு ஐ.பி.எம். செய்த பவர்பிசி சிப். பழைய கேம்களுக்கு ஒவ்வொன்றாக மென்பொருளில் வழி செய்தார்கள். அந்தப் பட்டியல் ஏறத்தாழ 460 கேம்களைத் தொட்ட நிலையில், 2007 நவம்பரோடு வேலையை நிறுத்திவிட்டார்கள்.

2013-இல் சோனி, மைக்ரோசாஃப்ட் இருவருமே பவர்பிசி குடும்பத்தை விட்டுவிட்டு ஏ.எம்.டி. செய்த, சாதாரணக் கம்ப்யூட்டர்களின் எக்ஸ்86 குடும்பத்துச் சிப்புக்கு மாறினார்கள். மலிவு, கேம் எழுதுகிறவர்களுக்கும் பழக்கப்பட்டது. ஆனால் பழைய கேம்கள் எல்லாம் ஒரே நாளில் புரியாத பாஷையாகிவிட்டன.

எந்த அளவுக்கு என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். 258 என்ற எண்ணைக் கம்ப்யூட்டர் இரண்டு பைட்டுகளாக வைத்துக்கொள்ளும்: 1, 2. (256-ஐ ஒரு முறை எடுத்து, அதோடு 2-ஐக் கூட்டினால் 258.) எக்ஸ்பாக்ஸ் 360-இன் சிப் பெரியதை முன்னால் எழுதும், எக்ஸ்86 சிப் சிறியதை முன்னால் எழுதும். முன்னது எழுதி வைத்த 258-ஐப் பின்னது படித்தால் 513 என்று வரும். ஒரு கேமுக்குள் இப்படிக் கோடிக்கணக்கான எண்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஆட்டம் தடைப்படாமல், விநாடிக்கு 30 முறையோ 60 முறையோ படம் மாறும் வேகத்துக்குள் திருப்பிப் போட்டாக வேண்டும். எண்ணைத் திருப்புவது இதில் ஆகச் சுலபமான வேலை. கட்டளைகள், கிராபிக்ஸ், நினைவகம் எல்லாவற்றுக்கும் இதே பாடு உண்டு.

ஆக, ‘எங்களால் இப்போதைக்கு முடியவில்லை’ என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தால் பலரும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். மேட்ரிக் வேறு மாதிரி பேசினார். புதிய கன்சோலில் பழைய கேம் ஆடுகிறவர்கள் 5 சதவீதம் பேர்தான் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையிடம் சொன்னார். பின்னோக்கிப் பார்த்துக்கொண்டிருப்பது பின்தங்கிப்போவதற்குச் சமம் என்ற பொருள்பட ஒரு சிலேடையையும் உதிர்த்தார். அலமாரி நிறைய எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க் அடுக்கி வைத்திருந்தவர்களுக்கு அது சிலேடையாகக் கேட்கவில்லை.

*

இனி இரண்டாவது விவகாரம். கைமாறிய கேமின் மீது நிறுவனங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

கேம்ஸ்டாப் என்ற பெயர் இந்தத் தொடரில் முன்பே வந்திருக்கிறது. டெக்சஸைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கக் கடைச் சங்கிலி. அங்கே புதிய கேம் 60 டாலர். ஆடி முடித்துத் திரும்பக் கொண்டுவந்தால் ஒரு தொகை கொடுத்து எடுத்துக்கொள்வார்கள். அதே டிஸ்க்கை, புதியதைவிட 5 டாலர் குறைத்துப் பக்கத்து அலமாரியிலேயே வைத்து விற்பார்கள். 2012 நிதியாண்டில் பழைய சரக்கில் மட்டும் அந்த நிறுவனம் ஏறத்தாழ 240 கோடி டாலருக்கு விற்பனை செய்தது. மொத்த விற்பனையில் கால் பங்குக்கும் கொஞ்சம் அதிகம், லாபத்தில் அதைவிடப் பெரிய பங்கு. கேமை உருவாக்கியவர்களுக்கு அதிலிருந்து ஒரு காசு வராது. ‘உழைத்தது நாங்கள், அறுவடை அவர்களுக்கா?’ என்று கேட்டார்கள். கடைக்காரர்களிடமும் பதில் இருந்தது. பழையதை விற்ற காசில்தான் வாடிக்கையாளர் உங்கள் அடுத்த புதிய கேமை வாங்குகிறார், அந்தக் காசை நிறுத்தினால் உங்கள் விற்பனைதான் படுக்கும் என்றார்கள்.

சட்டம் கடைக்காரர் பக்கம் இருந்தது. அதுவும் நூறு வருடங்களுக்கு மேலாக. பாப்ஸ்-மெரில் என்ற அமெரிக்கப் பதிப்பகம் தன் நாவல் ஒன்றில், இதை ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது, விற்றால் பதிப்புரிமை மீறல் என்று அச்சடித்து விட்டது. நியூயார்க்கின் மேசிஸ் கடை அதை 89 சென்ட்டுக்கு விற்றது. மேசிஸை அப்போது நடத்தியவர்கள் ஸ்ட்ராஸ் சகோதரர்கள். அவர்களில் மூத்தவரான இசிடோர், பின்னாளில் டைட்டானிக் கப்பலோடு போனவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1908-இல் தீர்ப்பு வந்தது. பிரதியை ஒரு முறை விற்றாயிற்று என்றால், அந்தப் பிரதி அதற்குப் பிறகு எந்த விலைக்கு யாரிடம் போகிறது என்பதில் பதிப்பாளர் தலையிட முடியாது என்றது நீதிமன்றம். பழைய புத்தகக் கடைகளும் வீடியோ வாடகைக் கடைகளும் அமெரிக்காவில் நிம்மதியாகத் தொழில் செய்தது இந்த விதியை நம்பித்தான்.

எக்ஸ்பாக்ஸ் ஒன் விழாவுக்கு இரண்டே மாதம் முன்பு, 2013 மார்ச் 19 அன்று, அதே நீதிமன்றம் இந்த விதியை இன்னும் ஒரு படி நீட்டியது. சுபாப் கிர்ட்சேங் என்ற தாய்லாந்து மாணவர், ஆசியாவில் மலிவாக விற்கும் பாடப்புத்தகங்களை ஊரிலிருந்து வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். குறிப்பிட்ட நாடுகளில் மட்டுமே விற்கலாம் என்ற அந்த அட்டை வாசகம் நம் ஊர் இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு நன்றாகவே தெரியும். வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. ஆறு நீதிபதிகள் மாணவர் பக்கம், மூன்று பேர் பதிப்பகத்தின் பக்கம். வெளிநாட்டில் வாங்கிய பிரதியாக இருந்தாலும் வாங்கியவர் விற்கலாம் என்று தீர்ப்பானது.

ஜப்பானில் இந்தச் சண்டை கேமை வைத்தே நடந்தது. கேம் நிறுவனங்கள் பழைய கேம் கடைகள்மீது வழக்குப் போட்டன. அவற்றின் வாதம் சுவாரசியமானது. ஜப்பானியச் சட்டப்படி சினிமாவுக்கு மட்டும் தனி விநியோக உரிமை உண்டு. தயாரிப்பாளர் அனுமதியில்லாமல் படப்பெட்டி ஒரு தியேட்டரிலிருந்து இன்னொரு தியேட்டருக்குப் போகக் கூடாது. கேமும் திரையில் அசையும் படம்தானே, ஆகவே அதுவும் சினிமாதான் என்றன நிறுவனங்கள். 2002 ஏப்ரல் 25 அன்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சரி, சினிமா வகைதான். ஆனால் பொதுமக்களிடம் பிரதியை விற்ற அந்த நிமிடமே அந்த உரிமை தீர்ந்துவிட்டது. கடைகள் ஜெயித்தன.

நீதிமன்றத்தில் கிடைக்காததைப் பெட்டிக்குள் வைத்துச் சாதித்துவிடலாம் என்ற யோசனை வலுத்தது. விற்கக் கூடாது என்று சொல்ல நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்றுதான் தீர்ப்புகள் சொன்னன. விற்றால் அடுத்தவர் வீட்டில் ஓடாதபடி ஒரு பொருளைச் செய்யக் கூடாது என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

வெள்ளோட்டம் ஒன்றை இ.ஏ. என்ற கேம் நிறுவனம் 2010-இல் விட்டது. பெயர் ஆன்லைன் பாஸ். புதிய கேம் டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஒரு குறியீட்டு எண். அதைத் தட்டினால்தான் இணையத்தில் மற்றவர்களோடு ஆடலாம். எண் ஒரு முறைதான் செல்லும். பழைய டிஸ்க் வாங்கியவர் 10 டாலர் கட்டிப் புதிய எண் வாங்க வேண்டும். சோனியும் சும்மா இருக்கவில்லை. டிஸ்க்கோடு ஒரு சிறு ரேடியோ பட்டையை இணைத்து, அது எந்தப் பெட்டிக்கு உரியது என்று பதிந்து வைக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டிருந்தது. அந்த விண்ணப்பம் 2013 ஜனவரியில் வெளியே தெரிந்தது. மே மாத நடுவில் இ.ஏ. திடீரென்று ஆன்லைன் பாஸைக் கைவிடுவதாக அறிவித்தது. ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். அடுத்த வாரம் ரெட்மண்ட் செய்தியைக் கேட்ட ஜனங்களோ, பூட்டைப் பெட்டிக்குள்ளேயே வைக்கப்போகிறார்கள், சீட்டு எதற்கு என்றுதான் இதை விட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்கள்.

*

ஜூன் 6. குழப்பம் தீர மைக்ரோசாஃப்ட் தன் விதிகளை எழுத்தில் வெளியிட்டது. தீர்வதற்குப் பதில் கொதித்தது.

கேமை டிஸ்க்கில் வாங்கினாலும் அது ஹார்ட் டிஸ்க்குக்கு ஏறி, வாங்கியவர் கணக்கோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பிறகு ஆடுவதற்கு டிஸ்க் தேவையில்லை. பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இணையத்தில் தலை காட்ட வேண்டும். தவறினால் கேம் ஓடாது. நண்பர் வீட்டுப் பெட்டியில் போய் ஆடினால் கெடு ஒரு மணி நேரம். கேமை நண்பருக்குக் கொடுக்கலாம், ஆனால் அவர் 30 நாளாவது உங்கள் நண்பர் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். ஒரு கேமை ஒரு முறைதான் கொடுக்கலாம். கடையில் விற்கலாம், ஆனால் கேமை வெளியிட்டவர் சம்மதித்திருக்க வேண்டும், கடையும் அனுமதி பெற்ற கடையாக இருக்க வேண்டும். இரவல், வாடகை இரண்டும் இப்போதைக்குக் கிடையாது.

நல்லதும் ஒன்று இருந்தது. குடும்பம் என்று பத்துப் பேர் வரை சேர்த்துக்கொண்டு, உங்கள் கேம் தொகுப்பை அவர்கள் எங்கிருந்தாலும் ஆடக் கொடுக்கலாம். கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவர்கள் பல வருடமாக வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் இணையக் கடையில் மறுவிற்பனையே இல்லாமல்தானே வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று மைக்ரோசாஃப்டுக்காகப் பேசியவர்களும் உண்டு. ஆனால் ஸ்டீமில் அடிமாட்டு விலைக்குத் தள்ளுபடி வரும். இங்கே அதே 60 டாலர்தான்.

எக்ஸ்பாக்ஸ் ஒன் வேலை செய்யும் நாடுகள் என்று 21 நாடுகளின் பட்டியலும் வந்தது. அதில் ஜப்பான் இல்லை, போலந்து இல்லை. எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்காக ‘தி விட்சர் 3’ கேமை உருவாக்கிக்கொண்டிருந்த நிறுவனமே போலந்துக்காரர்களுடையது. இந்தியாவும் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் மாமா வாங்கி அனுப்பினாலும் சென்னையில் அந்தப் பெட்டி வெறும் பெட்டிதான். கப்பலிலும் வெளிநாட்டு முகாம்களிலும் இருக்கும் அமெரிக்க ராணுவத்தினர் கொதித்துப்போனார்கள். பொழுதுபோக்குக்கு அவர்களுக்கு இருப்பதே கேம்தான், தினசரி இணையத்துக்கு எங்கே போவது?

ஜூன் 10, லாஸ் ஏஞ்சல்ஸ். வருடாந்திர ஈ3 கண்காட்சி. காலையில் மைக்ரோசாஃப்ட் மேடை. கேம்களை வரிசையாகக் காட்டினார்கள், விலை 499 டாலர் என்றார்கள். விதிகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

மாலையில் சோனி மேடை. அதற்கு முந்தைய இரண்டு வாரமாக, பூட்டு வேண்டாம் என்று கேட்டு ட்விட்டரில் ஒரு பெரிய கூட்டம் சோனி அதிகாரிகளை மொய்த்துக்கொண்டிருந்தது. சோனியின் ஜாக் ட்ரெட்டன் மேடைக்கு வந்தார். பிளேஸ்டேஷன் 4-இல் கைமாறிய கேம்களுக்குப் புதிய கட்டுப்பாடு எதுவும் இல்லை என்றார். அரங்கம் எழுந்தது. விற்கலாம், நண்பருக்கு இரவல் கொடுக்கலாம், என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கைதட்டல் கூடிக்கொண்டே போனது. 24 மணி நேரக் கெடுவும் கிடையாது என்றார். கடைசியில் விலை வந்தது. 399 டாலர். யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். நேற்று வரை எல்லோரும் செய்துகொண்டிருந்ததை நாளையும் செய்யலாம் என்று ஒருவர் சொன்னதற்குத்தான் அத்தனை ஆரவாரம்.

அன்றே சோனி ஒரு வீடியோவை வெளியிட்டது. அரை நிமிடம்கூட ஓடாது. பிளேஸ்டேஷன் 4-இல் கேமைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்ற விளக்கம். சோனியின் ஷுஹெய் யோஷிதாவும் ஆடம் பாய்ஸும் எதிரெதிரே நிற்கிறார்கள். ‘முதல் படி’ என்று எழுத்து வருகிறது. ஒருவர் கேம் டப்பாவை நீட்டுகிறார். மற்றவர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார். முடிந்தது. இரண்டாவது படி கிடையாது. மைக்ரோசாஃப்டின் பக்கம் பக்கமான விதிகளை ஒரு டப்பாவை நீட்டிக் கவிழ்த்துவிட்டார்கள்.

அன்று அரங்கில் கவனம் பெறாமல் போனவையும் உண்டு. பிளேஸ்டேஷன் 3-இல் இலவசமாக இருந்த இணைய ஆட்டத்துக்கு நான்கில் சந்தா கட்ட வேண்டும் என்பது அதே நாளில்தான் தெரிந்தது. பிளேஸ்டேஷன் 3 டிஸ்க் நான்கில் ஓடாது என்பதையும் யாரும் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எரிகிற தீயில் மேட்ரிக்கே எண்ணெய் ஊற்றினார். இணைய வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு பேட்டியில் கேட்டார்கள். அவர்களுக்கென்றே எங்களிடம் ஒரு பெட்டி இருக்கிறது, அதன் பெயர் எக்ஸ்பாக்ஸ் 360 என்றார். அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில் இருக்கும் ஒருவர் இதைப் பற்றி எழுதியிருந்ததாகச் சொல்லி, அவர் கஷ்டம் புரிகிறது என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஒன்பது நாள் தாங்கினார்கள். ஜூன் 19 அன்று மேட்ரிக் பெயரில் அறிவிப்பு வந்தது. 24 மணி நேரக் கெடு ரத்து. முதல் முறை பெட்டியை அமைக்கும்போது மட்டும் இணையம் போதும். டிஸ்க்கை விற்கலாம், கொடுக்கலாம், வாடகைக்கு விடலாம். நாட்டுக் கட்டுப்பாடும் இல்லை. பத்துப் பேர் குடும்பத் திட்டமும் அதோடு போயிற்று. முந்தைய பெட்டியின் பெயர் 360, இவர்கள் அடித்தது 180 டிகிரிப் பல்டி என்று புதிய பெட்டிக்கு எக்ஸ்பாக்ஸ் 180 என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜூலை 1 அன்று, மேட்ரிக் மைக்ரோசாஃப்டிலிருந்து விலகி சிங்கா நிறுவனத்துக்குத் தலைவராகப் போகும் செய்தி வந்தது.

நவம்பரில் இரண்டு பெட்டிகளும் ஒரு வார இடைவெளியில் கடைக்கு வந்தன. பிளேஸ்டேஷன் 4 மொத்தம் 11 கோடியே 70 லட்சம் பெட்டிகள் போனது. மைக்ரோசாஃப்ட் 2015-லேயே எண்ணிக்கை சொல்வதை நிறுத்திக்கொண்டது. சோனி தன்னைவிட இரு மடங்குக்கும் மேல் விற்றதை 2022-இல் பிரேசில் அதிகாரிகளிடம் தாக்கல் செய்த ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. 100 டாலர் விலை வித்தியாசத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த முப்பது நாளில் போன பெயர் அந்தத் தலைமுறை முழுவதும் திரும்பவில்லை.

*

இதற்குப் பிறகு இருவரும் இடம் மாறிக்கொண்டதுதான் ருசிகரம்.

2014 மார்ச்சில் எக்ஸ்பாக்ஸ் பொறுப்புக்கு வந்தவர் ஃபில் ஸ்பென்சர். 2015 ஜூனில் அவர் மேடையேறி, எக்ஸ்பாக்ஸ் 360 கேம்கள் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஓடும் என்றார். அந்த நவம்பர் 12 அன்று 104 கேம்களோடு ஆரம்பித்தார்கள். பழைய பவர்பிசி பெட்டி முழுவதையும் மென்பொருளாகவே எழுதி, புதிய பெட்டிக்குள் உட்கார வைத்திருந்தார்கள். பழைய டிஸ்க்கைப் போட்டால் அதிலிருந்து கேம் ஓடாது. புதிய பெட்டிக்கென்று திருத்திய பிரதி இணையத்திலிருந்து இறங்கும். டிஸ்க், வாங்கியதற்கான அத்தாட்சி மட்டுமே. 2017-இல் முதல் எக்ஸ்பாக்ஸின் கேம்களும் வந்து சேர்ந்தன. அறுநூறு கேம்களைத் தாண்டிய நிலையில் 2021 நவம்பரில் கடைசித் தவணையாக 76 கேம்களைச் சேர்த்து வேலையை முடித்துக்கொண்டார்கள். தொழில்நுட்பத்தைவிடப் பத்திரங்கள்தான் பல கேம்களுக்குக் குறுக்கே நின்றன. பின்னணிப் பாட்டின் உரிமம் காலாவதியாகியிருக்கும், பந்தயக் காரின் பெயரைப் பயன்படுத்தும் ஒப்பந்தம் முடிந்திருக்கும், கேமை வெளியிட்ட கம்பெனியே இழுத்து மூடியிருக்கும்.

பழைய கேமை அலட்சியம் செய்து அடி வாங்கியவர்கள் பழைய கேமுக்குக் காவலர் ஆனார்கள். அன்று கைதட்டல் வாங்கிய சோனியின் புதிய பெட்டிகளிலோ பிளேஸ்டேஷன் 3 டிஸ்க் இன்று வரை ஓடவில்லை. பிளேஸ்டேஷன் 5 நான்காவதன் கேம்களை ஏறக்குறைய முழுவதும் ஓட்டுகிறது, சிப் குடும்பம் ஒன்று என்பதால். மூன்றாவதன் கேம்கள் வேண்டுமென்றால் சந்தா கட்டி இணையம் வழியாக ஆட வேண்டும். 2022-இல் அந்தச் சந்தாத் திட்டம் இந்தியாவுக்கு வந்தபோது இணையம் வழி ஆடும் அந்த வசதியைக் கழித்துவிட்டு, டீலக்ஸ் என்று பெயர் சூட்டி அனுப்பினார்கள்.

கைமாறிய கேமின் கதி என்ன? அதை யாரும் தடை செய்யவில்லை. டிஸ்க் நுழையும் வாயைத்தான் அடைத்தார்கள். 2019 மே மாதம் டிஸ்க் டிரைவே இல்லாத எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் வந்தது. 2020 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், டிரைவ் இல்லாத பிளேஸ்டேஷன் 5 இரண்டும் வந்தன. இறக்கிக்கொள்ளும் கேமில் 1908 தீர்ப்புக்கு வேலையே இல்லை. கைமாற அங்கே பிரதி என்று ஒன்று கிடையாது, வாங்கியவருக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டும். அதை மறைக்காமல் சொல்லுங்கள் என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே போட்டு, அது 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இல் இன்னொரு வகை. சில கேம் கார்டுகளுக்குள் கேமே இருக்காது, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதற்கான சாவி மட்டும் இருக்கும். அதை விற்கலாம், கொடுக்கலாம். எதிர்முனையில் சர்வர் உயிரோடு இருக்கும் வரை.

அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதன்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் அப்போது கடையில் வாங்கக் கிடைக்காதவை. அவற்றை ஆட வேண்டுமென்றால் யார் வீட்டுப் பரணிலோ கிடக்கும் பழைய பெட்டியையும் பழைய டிஸ்க்கையும்தான் தேட வேண்டும். கேம் கைமாறுவதைத் திருட்டுபோலப் பார்த்த தொழிலின் வரலாற்றைக் கைமாறிய சரக்குதான் இன்று காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

2013-இல் ஜனங்கள் ஜெயித்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் வாங்கிய தீர்ப்பு டிஸ்க்குக்கு மட்டுமே செல்லும். உத்தரவு போட்டுப் பிடுங்க முடியாததை, வசதி என்ற பெயரில் அவர்களே கொண்டுவந்து கொடுக்கும்படி நிறுவனங்கள் செய்துவிட்டன. பிளேஸ்டேஷன் 5 வெளியான நாளில் டிரைவ் உள்ள பெட்டி 499 டாலர், இல்லாதது 399 டாலர். நீங்கள் வாங்கியதை விற்கவும் கொடுக்கவும் உள்ள உரிமையை இந்தத் தொழில் அன்று 100 டாலருக்கு மதிப்புப் போட்டது. அடுத்த பெட்டி வாங்கக் கடைக்குப் போகும்போது, விலையைப் பார்ப்பதற்கு முன் டிஸ்க் வாய் இருக்கிறதா என்று பாருங்கள்.

(தொடரும்)